கோப்பையைப் பிடித்த குற்றம்

விற்கிறவன் தன் சரக்கைத் தங்கம் என்பான். வாங்குகிறவன் அதைத் தகரம் என்பான். ஒருவன் இறங்கி, மற்றவன் ஏறி, கடைசியில் இருவரும் பித்தளையில் கைகுலுக்கிக்கொள்வார்கள். உலகத்தில் எந்தச் சந்தைக்குப் போனாலும் இதுதான் நடைமுறை. இங்கிலாந்தின் லங்காஷயரில் எங்கள் ஊர்ச் சந்தைக் கூடத்தில் பீங்கான் தட்டுகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன் நான். இதற்கு வேறொரு நடைமுறையும் உண்டு என்பது தலை நரைக்கும்வரை எனக்குத் தெரியாது.

பிறகு எனக்கு பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் வந்தது; ஊனமுற்றவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் இலாகாவின் வாசலுக்குப் போனேன். அங்கே விற்கிறவன், "ஐயா, சரக்கு அழுகிப்போச்சு, நீங்களே பாருங்க" என்று கெஞ்சுகிறான். வாங்குகிறவன், "சேச்சே, முதல் தரம்! இன்னும் எவ்வளவோ காலம் தாங்கும்" என்று தோளில் தட்டித் திருப்பி அனுப்புகிறான். இப்படி ஒரு பேரத்தை என் அப்பன் பாட்டன் யாரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கடையை மூடிவிட்டுக் கப்பலேறியிருப்பார்கள்.

என் பெயர் டெரிக் ரோத்வெல். இந்தக் கூடத்தில் பீங்கான் ஏலம் கூவினவன். ஒரு முழு விருந்துச் செட்டையும், தட்டு, கிண்ணம், சூப்புச் சட்டி, மூடி எல்லாவற்றையும் ஒரு கையில் விசிறிபோல அடுக்கி, அப்படியே மேலே வீசி, கலகலவென்று சத்தம் வரப் பிடிப்பேன். ஒன்றும் உடையாது. கூட்டம் வாயைப் பிளக்கும். பிளந்த வாய் மூடுவதற்குள் விலையைச் சொல்லிவிட வேண்டும்; அதுதான் தொழில். இப்போது அதே கையால் சட்டைப் பொத்தான் போட முடியாது.

நோய் என்னிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. நடை போனது. கையெழுத்து போனது. முகத்தில் சிரிப்பு போனது. உள்ளே சிரிப்பேன், வெளியே தெரியாது. கதவு நிலைகளில் கால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒன்றை மட்டும் ஏனோ விட்டுவைத்தது. ஏதாவது விழுந்தால் கை தானாகப் பாய்ந்து பிடித்துவிடும். எடு என்றால் எடுக்காது, வை என்றால் வைக்காது, விழுந்தால் மட்டும் பிடிக்கும். டாக்டரிடம் கேட்டேன். "மூளையில அது வேற பாதை வழியா வருது டெரிக். அந்த ரோடு இன்னும் மூடலை" என்றார். வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கடைசிவரை விற்காமல் கையில் நிற்கும் ஒற்றைத் தட்டுபோல.

மாதாமாதம் இலாகா கொடுக்கும் உதவித்தொகை என் வீட்டில் வேறு எதற்குப் போனாலும் போகாவிட்டாலும் மீட்டருக்குப் போகும். முன்பணம் போட்டால்தான் எரிகிற கேஸ் மீட்டர். பணம் தீர்ந்தால் கணப்பு அணைந்துவிடும். மற்றவர்களுக்குக் குளிரெடுத்தால் நடுக்கம் வரும். எனக்கு நடுக்கம் நின்றுவிடும், அதுதான் பயம். உடம்பு பூட்டிக்கொள்ளும். ஒரு குளிர்காலத்தில் ஒரு நாள் மீட்டர் தீர்ந்தபோது, சமையலறைக்கும் நடைக்கும் நடுவே, கையை நீட்டியபடி நின்றுவிட்டேன். காலையில் நின்றவன். சாயங்காலம் ஐரீன் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தபோதும் அப்படியே நின்றேன். என்னைப் பார்த்தவள் கையிலிருந்த பையைக் கீழே போட்டாள். பை விழுந்தபோது கை பாய்ந்தது. அப்போதுதான் நான் செத்துப்போகவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

ஐரீன் கிளெக் என் பக்கத்துக் கடைக்காரி. பன்றி ரத்தத்தில் செய்த பிளாக் புட்டிங் விற்பவள். அவள் கத்தியைவிட நாக்கு கூர்மை.

அதற்கடுத்த இலையுதிர்காலம் முடிகிற சமயத்தில் பழுப்பு உறை வந்தது. எங்கள் தெருவில் நாய்களுக்குத் தபால்காரரைப் பிடிக்காது. மனிதர்களுக்கு அவர் பையில் இருக்கும் நிறத்தைப் பிடிக்காது. வெள்ளை உறை என்றால் வங்கி. வங்கி சண்டை போடும், உயிரை எடுக்காது. பழுப்பு என்றால் இலாகா. அது கதவு ஓட்டை வழியாக விழுகிற சத்தமே வேறு. பிரிக்காமல், சனி ஞாயிறு முழுக்க, தூங்குகிற நாயைச் சுற்றிப் போவதுபோல அதைச் சுற்றிப் போனேன். திங்களன்று ஐரீன் வந்து பிரித்துப் படித்தாள். என் ஊனம் இன்னும் இருக்கிறதா என்று நேரில் சரிபார்க்க வேண்டுமாம். நான் எங்கேயாவது மறந்து வைத்துவிட்டிருக்கலாம் என்று சந்தேகம்போல.

"சரி, இப்பவே பழகிக்கோ" என்றாள். "நான்தான் அங்க கேள்வி கேக்கற அம்மான்னு வச்சுக்கோ. எப்படி இருக்கீங்க, டெரிக்?"

"பரவாயில்ல ஐரீன். குறை சொல்றதுக்கில்ல."

கரித்துணியால் ஒரு அடி விழுந்தது.

"அங்க போயி இந்த வார்த்தையச் சொன்னே, மீட்டர் அன்னிக்கே அணைஞ்சிரும். மறுபடி. எப்படி இருக்கீங்க, டெரிக்?"

"ரொம்ப... ரொம்ப மோசமில்ல."

இன்னொரு அடி.

எங்கள் ஊர்க்காரனின் மூளையில் எது செத்தாலும் கடைசியாகச் சாவது இந்தப் பதில்தான். தண்டவாளத்தில் காலை விட்டவனும் இதைத்தான் சொல்வான். சவப்பெட்டியைத் தட்டிக் கேட்டாலும் உள்ளிருந்து "குறை சொல்றதுக்கில்ல" என்றுதான் வரும். பக்கத்தில் இருக்கிறவனைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பது எங்கள் வேதம். அந்த வாரம் சந்தையே என்னைப் பழக்கியது. மீன்காரர் கேட்டார், முட்டைக்காரி கேட்டாள், கக்கூஸ் காவல்காரர் கேட்டார். எல்லோரிடமும் தோற்றேன். கடைசி நாள் ஒரு முறை மட்டும், கண்ணை மூடிக்கொண்டு, "நல்லால்ல" என்று சொல்லிவிட்டேன். கூடமே கைதட்டியது. எனக்கு அம்மணமாக நின்றதுபோல இருந்தது.

அப்புறம் இன்னொரு தப்பும் செய்தேன். பெரிய இடத்துக்குப் போகிறோமே என்று கோட்டும் டையும் போட்டுக்கொண்டேன். ஐரீன் பொத்தான் போட்டுவிட்டாள், சவரம் செய்துவிட்டாள். நல்ல ஆப்பிளை முன்னால் அடுக்கு என்று வளர்ந்த பிள்ளை வேறென்ன செய்யும்? மாத்திரையும் போட்டுக்கொண்டேன். போடாவிட்டால் அங்கே போய்ச் சேர முடியாது. போட்டால் கொஞ்ச நேரத்துக்கு மனிதன்போல நடப்பேன், நோயாளி என்று நம்ப மாட்டார்கள். போகாதவனுக்குப் பணம் இல்லை; போக முடிந்தவனுக்கும் பணம் இல்லை. அந்தச் சந்தில்தான் எங்களையெல்லாம் நிற்க வைத்திருக்கிறார்கள்.

மதிப்பீட்டு நிலையம் மாடியில் இருந்தது. லிஃப்டில் 'பழுது' என்று ஒரு அட்டை. அட்டை கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. ஐரீன் தாங்கிப் பிடிக்க, படியேறினேன். காத்திருக்கும் அறைச் சுவரில், 'இங்கே வந்துவிட்டீர்களே! வாழ்த்துகள்!' என்று பெரிய எழுத்தில் ஒரு படம்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்காரலாமா, வைக்காததில் உட்காரலாமா என்று ஒரு அம்மாள் நின்றபடியே யோசித்துக்கொண்டிருந்தாள். கூரை மூலையில் ஒரு கேமரா. அப்போது ஒரு கிழவியின் கைத்தடி நழுவி விழுந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் "சாரி" என்றோம். ஒருவரும் குனியவில்லை. தடி நடுவில் கிடந்தது. கிழவி அதைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்தது, தலையைக் குனித்துக்கொண்டாள். எனக்கு எதிரே, கழுத்தில் பட்டை கட்டியிருந்த ஒரு மனிதர் வியர்த்துக்கொண்டிருந்தார். அவரை அவர் அம்மா நன்றாக வளர்த்துவிட்டாள். தாங்க முடியாமல் எழுந்து, பல்லைக் கடித்துக் குனிந்து, தடியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பக்கத்துக் கதவு திறந்தது. ஒரு தலை அவரைப் பார்த்துச் சிரித்தது.

"மிஸ்டர் ஹோல்டன்? ரொம்ப சந்தோஷம். உங்க மதிப்பீடு முடிஞ்சுது. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

அதற்குப் பிறகு அந்த அறையில் எது விழுந்தாலும் யாரும் குனியவில்லை.

என்னை மதிப்பிட்டவள் பெயர் ஃபெலிசிட்டி. முன்பு பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளாம். என் பற்களை ஒருமுறை அன்போடு பார்த்தாள். "வாங்க, வாங்க! எப்படி இருக்கீங்க டெரிக்?" என்று கையை நீட்டினாள்.

"பரவாயில்லங்க" என்றது என் வாய். "குறை சொல்றதுக்கில்ல."

விசைப்பலகை தட்டப்படும் சத்தம் கேட்டது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஐரீன் ஒரு சத்தம் எழுப்பினாள். குழாயில் காற்று அடைத்ததுபோல.

"பயப்படாதீங்க" என்றாள் ஃபெலிசிட்டி. "உங்ககிட்ட என்ன இல்லைன்னு நாங்க பார்க்கறதே கிடையாது. என்ன இருக்குன்னுதான் பார்ப்போம். அதுதான் எங்க கொள்கை. இல்லாததைப் பார்க்க ஆரம்பிச்சா, அதுக்கெல்லாம் பணம் கொடுக்க வேண்டி வருமே! சட்டை அழகா இருக்கு. யாரு பொத்தான் போட்டாங்க?"

"ஐரீன்."

'நட்பு வட்டம் நன்று' என்று தட்டினாள். தட்டும்போதே வாய்விட்டுப் படிப்பது அவள் வழக்கம். "சமைப்பீங்களா?"

"டப்பா சூப்புதான். டப்பாவைத் திறக்கக் கை வராது. அதனால பல நாள்..."

'சூப் விரும்பி உண்பார்.' "கீழ விழுவீங்களா?"

"விழுவேங்க. வாரத்துல நாலஞ்சு தடவை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கெடப்பேன்."

"ஆனா இப்ப இங்க உட்கார்ந்திருக்கீங்களே. அப்ப எழுந்துட்டீங்க!" அவள் முகம் மலர்ந்தது. 'விழுந்தால் எழுந்துவிடுவார்.'

"அம்மணி, யாராவது வந்து தூக்கினாத்தான்" என்றாள் ஐரீன்.

'நட்பு வட்டம் மிக நன்று.'

நான் எதைக் கொடுத்தாலும் அவள் கையில் அது நல்ல சரக்காக மாறியது. இப்படி ஒரு வியாபாரியை நான் கண்டதில்லை. நேரம் ஆக ஆக மாத்திரையின் பிடி தளர்ந்தது. கால் இறுகத் தொடங்கியது. நல்லதுதான், இப்போதாவது பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஜை ஓரத்தில் அவளுடைய தேநீர்க் கோப்பை இருந்தது. இலாகா முத்திரை போட்ட மலிவுச் சரக்கு. அடியில் மெருகு சரியாக ஓடியிருக்கவில்லை. அவள் முழங்கை பட்டது. வேண்டுமென்று பட்டதா, தெரியாமல் பட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோப்பை விளிம்பு தாண்டியது.

என் கை போய்விட்டது. நான் அனுப்பவில்லை. தரைக்கு ஒரு சாண் மேலே, கோப்பையின் காதில் விரல் நுழைந்து, ஒரு சொட்டுத் தேநீர் சிந்தாமல் பிடித்திருந்தது. பழைய நாளில் இதற்குக் கூட்டம் விசிலடிக்கும்.

ஃபெலிசிட்டி கைதட்டினாள். "அற்புதம் டெரிக்! அற்புதம்!"

"இது வேறங்க" என்றேன். "இது தானா வர்றது. இதை வைக்கச் சொல்லுங்க பார்க்கலாம், என்னால..."

"தன்னடக்கம்!" என்றாள். கோப்பையை என் விரல்களிலிருந்து அவளே உருவிக்கொண்டாள். அதற்குக் கொஞ்சம் பலமாக இழுக்க வேண்டியிருந்தது. அதை அவள் தட்டவில்லை.

அடுத்த பழுப்பு உறை சீக்கிரமே வந்தது. எனக்கு மதிப்பெண் பூஜ்யம். 'தாங்கள் சுதந்திரமானவர் என்பதைத் தெரிவிப்பதில் மகிழ்ச்சியடைகிறோம்' என்று எழுதியிருந்தது. மறுபரிசீலனை கேட்டு ஐரீன் போன் போட்டாள். நெடுநேரம் பாட்டுக் கேட்டபின் ஒரு குரல் வந்தது.

"மறுபரிசீலனை செஞ்சாச்சும்மா. முதல் முடிவு சரியான்னு முதல் முடிவு எடுத்தவங்களையே கேட்டோம். சரின்னுட்டாங்க. இதைவிட நியாயமா எப்படிம்மா செய்யறது?"

"அந்த மனுஷன் குளிர்ல விறைச்சுச் செத்துப்போவான்யா!"

"அப்படி ஏதாவது நிலைமை மாறினா உடனே எங்களுக்குத் தெரிவிக்கணும்மா. தெரிவிக்கலைன்னா அபராதம் உண்டு."

மேல்முறையீடு போட்டோம். தேதி குளிர்காலத்துக்கு அந்தப் பக்கம் கிடைத்தது. அந்தக் குளிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். ஐரீன் கடைக்குப் போகுமுன் என்னைப் போர்வைகளில் சுற்றிவிட்டுப் போவாள். வந்ததும் முதலில் பையைக் கீழே போடுவாள். என் கை பாய்ந்தால், "சரி, இருக்கே" என்று கெட்டிலை அடுப்பில் வைப்பாள். தினமும் அந்தப் பை விழும்வரை எனக்கும் நிச்சயமில்லை.

தீர்ப்பாயம் நகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். அந்த மட்டும் புண்ணியம். உள்ளே நீண்ட மேஜைக்குப் பின்னால் மூன்று பேர்: நடுவில் நீதிபதி ஹாவொர்த் அம்மாள், ஒரு பக்கம் ஒரு டாக்டர், மறுபக்கம் சக்கர நாற்காலியில் ஒருவர். தனி மேஜையில் இலாகாவின் சார்பாக பிரெண்டன் பைக் என்ற இளைஞன்.

வாசல்வரை வந்தேன். கதவு நிலையில் கால் ஒட்டிக்கொண்டது.

"உள்ள வாங்க மிஸ்டர் ரோத்வெல்" என்றார் நீதிபதி.

வரவேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. கால் தரையில் முளைத்திருந்தது.

பிரெண்டன் எழுந்தான். "அம்மா, விதிப்படி மனுதாரர் அறைக்குள்ள இருக்கணும். அவர் நிக்கறது தாழ்வாரம். தாழ்வாரம் நகராட்சிக்குச் சொந்தம். அதனால அவர் ஆஜராகலை. மனுவைத் தள்ளுபடி செய்யலாம்."

என் பின்னால் ஐரீனின் மூச்சு கேட்டது. அவளுக்கு ஒரு வித்தை தெரியும். என் பழைய ஏலக் கூவலைத் தாளத்தோடு கூவினால், அந்தத் தாளத்தில் கால் கழன்று, சிப்பாய்போல நடந்துவிடுவேன். அதுவும் வேறு ரோடுதான்.

"கூவட்டுமா ராசா?" என்று கிசுகிசுத்தாள்.

"வேணாம்! நடந்தா, நடக்கறான்னு எழுதிருவாங்க."

"நடக்கலைன்னா வரலைன்னு எழுதிருவாங்கடா மடையா!"

நான் அங்கேயே நின்றேன். முன்னால் போனால் மீட்டர் அணையும், நின்றாலும் அணையும். அடுத்த குளிர்காலம் அந்த அறைக்குள் எனக்காக உட்கார்ந்திருந்தது.

ஹாவொர்த் அம்மாள் என் கால்களைப் பார்த்தார். பிறகு எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து தாழ்வாரத்தில் போட்டு உட்கார்ந்தார். டாக்டரும் ஒரு குமாஸ்தாவும் மேஜையைச் சாய்த்துத் தூக்கி வந்தார்கள். சக்கர நாற்காலிக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இடுக்கில் நுழைந்து வெளியே வந்தார். அதே கட்டடத்து நூலகத்துக்குப் போகிறவர்கள் "சாரி, சாரி" என்று எங்கள் நடுவே ஒதுங்கிப் போனார்கள்.

"இப்ப யாரு ஆஜராகலை?" என்றார் நீதிபதி. அறைக்குள் பிரெண்டன் மட்டும் இருந்தான்.

அவன் கோப்புகளை அள்ளிக்கொண்டு வந்தான். கூடவே, பிளாஸ்டிக் பையில், எண் கட்டிய அந்தக் கோப்பை. "அம்மா, இதுதான் தடயம். இதை அவர் அந்தரத்துல பிடிச்சார். தவிர, எப்படி இருக்கீங்கன்னு கேட்டதுக்கு, 'பரவாயில்லை, குறை சொல்றதுக்கில்லை'ன்னு அவர் வாயாலயே சொல்லியிருக்கார்."

"அதை எழுதின அம்மாவுக்கு எந்த ஊரு?"

"தெற்கேம்மா. லண்டன் பக்கம்."

"அதானே பார்த்தேன். எங்கப்பா நிலக்கரிச் சுரங்கத்துல இருந்தவர். நுரையீரல் முழுக்கப் போயி ஆக்சிஜன்ல கெடந்தார். நான் போயி, எப்படி இருக்கீங்கப்பான்னு கேட்டேன். அதேதான் சொன்னார். அடுத்த வாரம் அடக்கம் பண்ணினோம்."

டாக்டர் கோப்பையைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். "அவசரமில்ல டெரிக். இதை அந்த மேஜைமேல வைங்க."

வை என்று கைக்குச் சொன்னேன். கை கேட்கவில்லை. கோப்பை என் விரல்களுக்குள் கடகடவென்று பல் நடுங்குவதுபோல அடித்துக்கொண்டது. மேஜை ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. நூலகத்துக்குப் போன ஒருவர் புத்தகம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். நான் இன்னும் வைத்தபாடில்லை.

"அவர் முயற்சி செய்யலைங்க" என்றான் பிரெண்டன்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க தம்பி" என்றார் நீதிபதி. எழுந்து வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கோப்பையை எடுத்தார். அவர் கை வெதுவெதுப்பாக இருந்தது.

ஜெயித்துவிட்டோம். தொகை திரும்பி வந்தது. மீட்டர் எரிகிறது. தீர்ப்பின் கடைசி வரியில், 'அடுத்த மதிப்பீடு வரை' என்று இருந்தது. அது எப்போது என்று எழுதவில்லை. இலாகா எந்த நேரமும், எங்கிருந்தும் பார்க்கலாம் என்று மட்டும் தனியாக ஒரு துண்டறிக்கை அனுப்பியது.

கொஞ்சம் கதகதப்பு ஏறியதும் ஐரீன் என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போய், என் பழைய கடை முன்னால் ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள். கடையை வாங்கிய நைஜெல் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கூட்டமான நாள். ஒரு வாடிக்கையாளரின் பை பட்டு, சூப்புச் சட்டியொன்று பலகையிலிருந்து சரிந்தது. நல்ல சரக்கு, நீலப் பூ, பொன் விளிம்பு. என் பக்கமாகத்தான் வந்தது.

கை கிளம்பியது.

அந்தக் கணத்தில் தூணருகே ஒருவரைப் பார்த்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கையில் போன். முகம் என் பக்கம்.

சட்டி தரையில் விழுந்து சிதறியது. பிறகு எங்கள் ஊர் வழக்கப்படி யாரோ கைதட்டினார்கள். தூணருகே இருந்தவர் அரை டஜன் முட்டை வாங்கிக்கொண்டு போனார்.

ஐரீன் கடையை விட்டு ஓடிவந்தாள். சில்லுகளைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"வரலையா ராசா? நோய் இதையும் எடுத்துக்கிச்சா?"

என் வலது மணிக்கட்டை இடது கை இறுகப் பிடித்திருந்தது. பிடித்த இடம் சிவந்திருந்தது.

"வந்துச்சு ஐரீன்" என்றேன். "நான்தான் விடலை."